நான்கு தையல்

அன்புள்ள அம்மாவுக்கு,

கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. விரலில் கொப்புளம். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் அவர் தூங்கிய பிறகு இஸ்திரி மேசைக்கு அடியில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நம் லாண்டரிக்கு வரும் துணிகளுக்கு இப்போதும் நான்தான் பள்ளி விட்டு வந்து காலருக்குள் குறி தைக்கிறேன். இன்ஜினியர் வீட்டுக்குச் சிவப்பு நூலில் மூன்று தையல், டாக்டர் வீட்டுக்கு நான்கு. நீ சொல்லிக்கொடுத்தபடி கடைசியில் இரட்டை முடிச்சு.

எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்ட வந்தவர்களின் பெண். நம் பேச்சு தெரியாது. விசிலடித்தே எல்லாம் சொல்வாள். அதனால் அவளைக் குருவி என்று கூப்பிடுவேன். அவள் முதலில் கற்ற வார்த்தை 'தொடாதே'. அப்பா அவளிடம் அதைத்தானே சொல்வார்! அது ஏதோ வணக்கம் என்று நினைத்து, கடைக்கு வருகிற எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே 'தொடாதே' என்பாள்.

போன வாரம் இன்ஜினியரின் கோட்டு ஒன்று காணாமல் போயிற்று. "அந்தப் பள்ளந்தோண்டிப் பொண்ணுதான் சார் எப்பவும் இங்கயே சுத்திட்டிருந்தா" என்று அப்பா சொல்லிவிட்டார். போலீஸ்காரர்கள் குருவியின் அப்பாவைக் கொண்டுபோய் அடித்திருக்கிறார்கள். இரண்டு நாளாக அவள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். நான் எதிர்ப்பக்கமாக நடந்துபோனேன். அவள் என்னைப் பார்த்தாள். விசிலடிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் வெளியூர் போயிருந்த டாக்டர் வீட்டார் திரும்பி வந்து, மூட்டையில் தங்களுடையதல்லாத கோட்டு ஒன்று இருந்தது என்று கொடுத்தனுப்பினார்கள். இன்ஜினியருடையதுதான். அப்பா காலரைத் திருப்பிப் பார்த்தார். நான்கு தையல். குருவியிடம் விசிலடிக்கக் கற்றுக்கொண்டே நான் தைத்தது. அப்பா என்னைத் திட்டவில்லை அம்மா. திட்டியிருந்தால் பரவாயில்லை. கோட்டைச் சுருட்டி பாய்லர் அடுப்பில் போட்டார். "கட நம்பிக்கையில ஓடுது. துணிய மாத்திக் குடுத்தோம்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு கைக்குட்டகூட வராது" என்றார். அவர் ஷட்டரை இறக்கப் போனபோது இடுக்கியால் காலரை இழுத்து எடுத்தேன். பாதி கருகிவிட்டது. தையல் தெரிகிறது.

நாளைக் காலை இன்ஸ்பெக்டர் என்னை விசாரிக்க வருகிறார். "அவ எடுத்தத பாத்தேன்னு மட்டும் சொல்லு, கண்ணு. அவங்க இன்னிக்கு இங்க, நாளைக்கு எங்கயோ. நமக்கு இதுதான் இடம்" என்று அப்பா இரண்டு முறை சொல்லிவிட்டார். கண்ணு என்று அவர் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா?

நீ வேலை செய்யும் வீட்டில் தினமும் கரண்டிகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் உன்னைப் படுக்க விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே. காணாமல்போன கரண்டி குப்பைக்கூடையில் கிடைத்த அன்றுகூட ஒருவரும் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றும். அந்தக் கடிதத்தை இன்று மறுபடி படித்தேன்.

காலர் துண்டை உனக்கு அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல இருந்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அனுப்பவில்லை. சீருடைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். காலையில் எனக்குக் குரல் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் மடிப்பைப் பிரித்து இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்துவிடுவேன்.

அப்பா போன் செய்து என்னைப் பற்றி என்ன சொன்னாலும், கோபப்படுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள் அம்மா. நீ இருக்கும் அந்த வீட்டில் இனி ஒரு கரண்டியும் காணாமல் போகாமல் இருக்கட்டும்.

உன் மகள்