உஷாவின் ஆன்டிபாடி ரிசல்ட்

1998 மார்ச் 2, திங்கள்

காலையிலிருந்து மழை. சுகர் லேண்ட் வீட்டிலிருந்து டாக்டர் ஆபீசுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஃப்ரீவே முழுக்க பிரேக் விளக்கு. எனக்கு அரை நாள் லீவு.

உஷாவுக்கு எம்.எஸ்., நரம்பைத் தாக்கும் நோய், என்று தெரிந்து நாலு வருடம். ஒருநாள் விட்டு ஒருநாள் இன்டர்ஃபெரான் ஊசி. போடுவது நான். அப்படியும் ஆறு மாதத்தில் இரண்டு தடவை அவள் கால் மரத்துவிட்டது. மருந்தையே எதிரி என்று நினைத்து, அதை முடக்க உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கலாமாம். ரத்தம் எடுத்தார்கள். வெளிமாநில லேபுக்குப் போகிறது. ரிசல்ட் வர மூன்று வாரம்.

திரும்பும்போது உஷா: "என் உடம்புக்கும் என்னை மாதிரியே திமிரு." சிரிப்பு வேறு.

மார்ச் 6, வெள்ளி

வாங்க: ஸ்பிரிட் பஞ்சு, பிளாஸ்திரி, உளுந்து, மாயாவுக்கு கலர் பென்சில்.

இன்று வலது தொடை. ஊசியை எடுக்கும்போது மறுபடி ஒரு சொட்டு வெளியே வந்தது. அவள் பார்ப்பதற்குள் துடைத்துவிட்டேன்.

இங்கேயாவது எழுதுகிறேன். ஆன்டிபாடியும் இருக்காது, ஒன்றும் இருக்காது. நான்தான் சரியாகப் போடவில்லையோ என்று பயம். ஆபீசில் என் வேலை பைப்லைனில் லீக் கண்டுபிடிப்பது.

மார்ச் 14, சனி

நல்ல வெயில். மூவரும் கடைக்கு. கடையின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் உஷா நன்றாக நடக்கிறாள். "அம்மா, ஸ்லோ டவுன்!" என்று பின்னாலேயே ஓடினாள் மாயா. எட்டு வயது, அதற்குள் அதட்டல். மாம்பழம் கிடைத்தது. ஒரே நார்.

மார்ச் 24, செவ்வாய்

மதியம் நர்ஸ் போன். ஆன்டிபாடி ஏகத்துக்கும் இருக்கிறதாம். இந்த மருந்து இனி உதவாது, வேறு தரலாம் என்றார். அந்தச் சொட்டைப் பற்றிக் கேட்டேன். எல்லாருக்கும் வருவதுதான், அதனால் எதுவும் இல்லை என்றார்.

கெட்ட செய்திதான். எனக்கோ குதிக்கத் தோன்றியது. வீட்டுக்கு வந்து உஷாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"பைத்தியமா உனக்கு? இத்தனை நாளா இதையா மனசுல வெச்சிட்டு இருந்த?"

"என்னாலதான் உன் கால் மரத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

"உன்னால எனக்கு வர்றது தலைவலி மட்டும்தான்."

சிரித்தாள். பிறகு இருவருக்குமே கண்ணில் தண்ணீர். மாயா எட்டிப் பார்த்து, "ஆர் யூ லாஃபிங் ஆர் க்ரையிங்?"

"ரெண்டும்தான்டி. போய் ஹோம்வொர்க் பண்ணு."

ஏப்ரல் 4, சனி

புது மருந்து இன்று ஆரம்பம். வேறு வகை. தினமும் போட வேண்டும். நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

"இதை நானே போட்டுக்கறேன்," என்றாள் உஷா.

"நான் இருக்கேனே?"

"நீ போட்டதெல்லாம் போதும். போய் காபி போடு."

பாலை அடுப்பில் வைத்தேன். காது முழுக்க பாத்ரூம் பக்கம். ஒரு நிமிஷம். இரண்டு. சத்தமே இல்லை. கதவருகில் போய் நின்றேன்.

"போட்டாச்சு! வலிக்கவே இல்ல!" பிறகு, "பொய். நல்லா வலிச்சுது."

அடுப்பெல்லாம் பால்.