அத்தா, தொட்டியை நான்தான் திறந்துவிட்டேன்

அஸ்ஸலாமு அலைக்கும், என் உயிர் அத்தா!

மண்ணுக்குள் இருப்பவர்களுக்கும் சலாம் சொல்லலாம் என்று உங்கள் கபரடியில் நின்று பள்ளிவாசல் அசரத் சொன்னார். அதனால் சொல்கிறேன். பதிலை எதிர்பார்க்கவில்லை.

உங்கள் மகள் இப்போது பெருங்கடலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவில் இருக்கிறாள். மூன்று விமானம் மாறி, ஒரு படகேறி வந்து நான்கு மாதமாகிறது. ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒரு வருடப் பயிற்சி வேலை. மலையோர ஊர்களுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்டுகிறோம், குழாய் பதிக்கிறோம். சிவில் படிக்க வைத்தீர்களே, அதற்கேற்ற வேலைதான்.

முதல் மாதம் ஒழுங்காகத் தூங்கவே இல்லை. பெருமாள்மலைக் குளிரில் கம்பளிக்குள் வளர்ந்த உடம்புக்கு இந்த வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை. முதுகெல்லாம் வேர்க்குரு. பெட்டியில் கிடந்த ஸ்வெட்டர் பூஞ்சை பிடித்துவிட்டது. தினமும் மரவள்ளிக்கிழங்கு, சீமைப்பலா, மீன். கப்பலில் வருகிற கேரட்டைப் பார்த்தால் சிரிப்பீர்கள். பூண்டித் தோட்டங்களிலிருந்து நம் காய்கறிக் கடைக்கு வந்து இறங்குகிற கேரட்டை ஒடித்தால் சத்தம் கேட்கும். இது கயிறு மாதிரி வளைகிறது.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி பெயர் மெரே. கணவனை இழந்தவள், மூன்று பிள்ளைகள். என்னை அவள் மொழியில் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறாள். நான் தொழும்போது பிள்ளைகள் பின்னால் நின்று என்னோடு குனிந்து நிமிர்கிறார்கள்.

இதெல்லாம் நல்ல சேதி. நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

எங்கள் நிறுவனம் கட்டிய தொட்டி மெரே வீட்டுக்கு மேலே, சரிவில் இருந்தது. ஒரு மணி நேரம் நடந்து ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்த பெண்கள், அது நிரம்பிய அன்று கை கோத்து ஆடினார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தேன்: மழையே இல்லாதபோதும் தொட்டிக்குக் கீழே மண் ஈரமாக இருந்தது. அடுத்த வாரம் ஒரு பப்பாளி மரம் சாய்ந்து நின்றது. மெரேயின் அடுப்படிக் கதவை மூட முடியவில்லை, நிலை கோணிக்கொண்டது. பாதையில் விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. பிறகு கசிகிற தண்ணீர் சிவப்பாக வர ஆரம்பித்தது.

அதைப் பார்த்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. ஏனென்று உங்களுக்குத் தெரியும். வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், நீங்கள் எங்களை விட்டுப் போன அன்று காலை திண்டுக்கல் ஹாஸ்டலுக்குப் போன் போட்டீர்கள்.

"கடைக்குப் பின்னாடி சுவத்துல இருந்து செவப்பாத் தண்ணி வருதும்மா. அஞ்சு நாளா மழ விடாம ஊத்திக்கிட்டுக் கெடக்கு."

"இஞ்சினீயர் யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டுங்கத்தா."

"நீதான நம்ம வீட்டு இஞ்சினீயரு. என்ன செய்யலாம், சொல்லு."

"பரீட்சை இருக்குத்தா. சாயந்திரம் பேசறேன்."

"சரி சரி, நீ ஒன் சோலியப் பாரு. ஒண்ணும் ஆகாது."

அந்தச் சுவர் தாங்கி நிற்கிற மலை மண் உள்ளே கரைந்து வருகிறது என்பதுதான் அந்தச் சிவப்புக்கு அர்த்தம். நான் அதைப் படித்திருந்தேன். 'வெளியே வாங்க' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். மதியத்துக்குள் மலையோடு சுவர், நீங்கள் உள்ளே இருந்த கடை மேல் விழுந்துவிட்டது. எல்லோரும் விதி என்றார்கள், நானும் தலையாட்டினேன். அந்தக் கடைசி நிமிடத்தில் என் மேல் உங்களுக்குக் கோபம் வந்ததா, அத்தா?

இங்கே எங்கள் மேலாளர் தோமாஸிடம் ஓடினேன். கெட்டவர் இல்லை. என்னோடு ஏறி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் திறப்பு விழா. பணம் கொடுத்தவங்க வர்றாங்க. அது முடியட்டும், தலைநகர்ல இருந்து ஆளைக் கூப்பிடுவோம்" என்றார்.

"அதுவரைக்கும் தொட்டியையாவது காலி பண்ணலாமே?"

"தண்ணியைத் திறந்துவிட்டா இந்த ஊர் நம்மை மறுபடி நம்பாது. நீ பயிற்சிக்கு வந்த பொண்ணு. எழுதிக் கொடுத்துட்டுப் போ."

எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வெடிப்பில் நான்கு விரல் நுழைந்தது. யாரிடமும் கேட்காமல் மேலே ஏறிப் போய் வால்வைத் திருப்பி, வாய்க்கால் பக்கமாகத் தண்ணீரை விட்டேன். காலி ஆக ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. பெண்கள் வாளியோடு வந்து நின்று பார்த்தார்கள். பிறகு வெறும் வாளியோடு ஓடையைப் பார்த்து நடந்தார்கள்.

மெரேயின் அண்ணன் சாமு கத்திக்கொண்டே வந்தான். தொட்டிக்கு நேர் கீழே அவன் வீடு. நீங்கள் மலை சரிந்து போனது மெரே மூலம் அவனுக்குத் தெரியும். "நீ யாரு? உங்க ஊர் மலை விழுந்தா எங்க மலையும் விழுமா?"

அவர்கள் மொழி எனக்குச் சரியாக வராது. தெரிந்ததை வைத்துச் சொன்னேன்: "என் அத்தா. சிவப்புத் தண்ணீர். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை."

மெரே என் முகத்தையே பார்த்தாள். பிறகு பாயைச் சுருட்டி, கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே சர்ச் மண்டபத்தை நோக்கி நடந்தாள். சாமுவின் மனைவியும் பிள்ளைகளோடு பின்னால் போனாள். அவன் மட்டும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் கோழிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு அவனும் வந்து சேர்ந்தான்.

தோமாஸ் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். சனிக்கிழமைப் படகில் ஊருக்குப் போ என்றார்.

இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை, மண்டபத்தில் கிழங்கு வேகும் நேரத்தில், லாரி பின்பக்கம் திறந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஆனால் அது நிற்கவே இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் சரிவு இல்லை. தொட்டி இரண்டாகப் பிளந்து சேற்றில் கிடந்தது. சாமுவின் வீட்டில் ஒரு தூண்கூட மிஞ்சவில்லை. உயிர் எதுவும் போகவில்லை. சாமு அந்த இடத்தைப் பார்த்துக் குந்தி உட்கார்ந்து அழுதான். தோமாஸ் என் பக்கத்தில் வந்து நின்றார்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். விழுந்த இடத்துக்கு மேலே புதிதாக ஒரு வெடிப்பு ஓடுகிறது. அதற்குக் கீழே ஏழு வீடு. மண்டபத்தில் இடம் போதவில்லை என்று இரண்டு குடும்பம் திரும்பி அங்கேயே போய்விட்டது. காலி செய்ய இப்போது தொட்டியும் இல்லை. மழையை மலையே குடிக்கிறது. இங்கே மழைக்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

நேற்று அம்மா போனில் அழுதாள். "வெரசா டிக்கெட்டப் போட்டு வந்துரு புள்ள. ஒரு மலைக்குக் குடுத்தது போதும்."

அப்போதுதான் அந்தக் காலைப் போன் பற்றிச் சொன்னேன்.

"அவரு ஒங்கிட்ட மட்டுமாம்மா சொன்னாரு? வெள்ளனே என்னையும் கூட்டிட்டுப் போயி அந்தச் சுவத்தக் காட்டினாரு. அடுப்புல ஒல கொதிக்குதுன்னு நான் வந்துட்டேன்" என்றாள்.

இரண்டு வருடமாக ஆளுக்கொரு பக்கம் இதைச் சுமந்திருக்கிறோம், அத்தா. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். பிறகு வெடிப்புக்குக் கீழே திரும்பிப் போன இரண்டு குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மாவே கேட்டாள்: "அந்த ரெண்டு வீட்லயும் சின்னப் புள்ளைக இருக்கா?"

"நாலு பேரும்மா."

"அப்ப அதுகள எறக்கிட்டு வா."

சனிக்கிழமைப் படகில் நான் ஏறப்போவதில்லை. தோமாஸிடம் சொல்லிவிட்டேன், அவரும் மறுக்கவில்லை. வெடிப்பு இன்று காலை அளந்ததைவிட அகலமாகியிருக்கிறது. மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. மெரே வாசலில் எனக்காக நிற்கிறாள், இப்போது மேலே ஏறினால்தான் மழைக்கு முன் போய்ச் சேரலாம்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த நான்கு பிள்ளைகளும் கீழே வரும்வரை தினமும் ஏறிப் போய் அவர்கள் கதவைத் தட்டுவேன். திட்டினாலும் தட்டுவேன்.

உங்கள் மூத்த மகள்,
சமீமா