இன்னொரு தடவ குதிச்சேன்

அப்பாவுக்கு ஸ்தோத்திரம். கால் எடுத்த இடத்துல வலி கம்மியாச்சா? நான் நல்லா இருக்கேன்.

இங்க பிரான்சுல, வண்டியே வராத கால்வாய்க் கரையில சைக்கிள் ஓட்ட தூரத்துல இருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. நான்தான் கூடப் போய் வழிகாட்டறேன். நேத்து பின்னாடி வயல்ல டிராக்டர் சத்தம் கேட்டுது. ஆம்பூர் பைபாஸ் ஞாபகத்துல சைக்கிளோட பள்ளத்துல குதிச்சிட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. போட்டோவுக்காக இன்னொரு தடவ குதிக்கச் சொன்னாங்க. சிரிச்சிக்கிட்டே குதிச்சேன்.

உங்க சைக்கிள் பெல்லைக் கழட்டி அனுப்புங்க. இங்க யாருக்கும் அடிக்கத் தேவையில்ல, எனக்குச் சத்தம் கேக்கணும்.

குரூப் கிளம்புது, முடிக்கிறேன். அன்னிக்கு ஷூ கம்பெனிக்குப் போறப்ப லாரி வந்துதே, என்னைப் பள்ளத்துல தள்ளிவிட்டுட்டு நீங்க ஏன்ப்பா குதிக்கல?

மெர்சி