அலுமாரிக்கு மேல் ஏறிய சட்டிப் பை

நாவற்குடா,
வியாழக்கிழமை முற்பகல்.

அன்புள்ள மகள் தக்ஷாயினிக்கு,

நீயும் மருமகன் நிதுர்ஷனும் மெல்பேர்ண் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தான்தோன்றீஸ்வரரை வேண்டிக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். இங்கே எனக்குப் பிறஷர் இறங்கியிருக்கிறது, அம்மாவின் சீனியும் கட்டுப்பாட்டில்தான், ஆகவே நாங்களும் சுகம் என்று எழுதலாம். எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன், அந்த வரி முழுக்க உண்மை போல எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் வெட்டாமல் விடுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் அப்பா கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் கதைக்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பார். அவர் இல்லாத நேரம் எடுத்தாலும் நீ ஒரு கேள்வி கேட்டவுடன் நான் ஓம் மகள், ஓம் மகள் என்று உன் பக்கமே சாய்ந்துவிடுவேன், போன கிழமையும் அப்படித்தான் நடந்தது. எழுதினால் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லலாம். அம்மா சந்தைக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் முடித்துப் படமெடுத்து உனக்கு அனுப்பவேண்டும், அதனால் கேற் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்கிறேன். இதுவரை வந்தது பக்கத்து வீட்டு ஆடும் மின்சார பில்லும்தான்.

அம்மாவின் சட்டி விற்பனையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உனக்கு அதன் வால் மட்டும்தான் தெரியும், தலையிலிருந்து சொல்லவில்லை என்பது எங்கள் தவறு. காத்தான்குடியிலிருந்து ஸுஹைனா என்று ஒரு பிள்ளை வந்துபோகிறது என்று சொல்லியிருப்போம். ஒரு கம்பனியின் எவர்சில்வர் சட்டி, பொரிக்கிற தாச்சிகளுக்கு இந்தப் பக்கத்து முகவர் அவர்தான். ஒரு வீட்டில் அயல் பெண்களைக் கூட்டி, அவர்களுக்கு முன்னாலேயே அந்தச் சட்டியில் சமைத்து, ருசி பார்க்கக் கொடுத்து, பிடித்தவர்களிடம் ஓடர் எடுப்பது அவர்களுடைய முறை. நாவற்குடாவில் பெண்களைக் கூட்டத் தெரிந்த ஓர் ஆள் அவருக்குத் தேவைப்பட்டது, அம்மாவுக்கோ நீ போனபிறகு ரீவியைத் தவிர வேறு துணை இல்லை. அந்த மாதங்களில் அம்மா பின்னேரமானால் இண்டைக்கு என்ன கிழமை என்று என்னிடம் கேட்பார். இதையும் நாங்கள் உனக்குச் சொல்லவில்லை.

முதற்கூட்டம் பின் ஒழுங்கையில் தங்கேஸ்வரி வீட்டில் நடந்தது. சட்டியின் உலோகம், அடியின் கனம், சூடு பரவும் விதம் எல்லாவற்றையும் நான் விளக்குவதாக ஏற்பாடு, ஏனென்றால் படித்தவர் சொன்னால் சனம் நம்பும் என்று அம்மா நினைத்தார். நான் குறிப்பெடுத்து, பாடமாக்கி, நிதானமாகத்தான் சொன்னேன். ஆனால் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அத்தனை வருடம் நின்ற நாக்கு மகள், எதைச் சொன்னாலும் மருந்து கொடுப்பது போலத்தான் வருகிறது. பெண்களும் மருந்துத் துண்டு நீட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் ஸுஹைனா, “ஐயா, இந்தச் சட்டி சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா, அதையும் சொல்லிப்போடுங்க” என்றார். அத்தோடு என் விளக்கம் முடிந்தது. அடுத்தது அதைவிட மோசம். அம்மா அழகாகச் சமைத்து இறக்கிக் கிண்ணங்களில் பகிர்ந்தால் ஒருவரும் கை நீட்டவில்லை, எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால் நாங்கள் போகமுதலே தங்கேஸ்வரி கொடுவா மீன் ஆணமும் சோறும் ஆக்கி வந்தவர்கள் எல்லாருக்கும் வயிறு நிறையக் கொடுத்திருக்கிறார். ஏன் இப்படிச் செய்தாய் என்று அம்மா கேட்க, “வீட்டுக்கு வந்த சனத்தை வெறும் வயித்தோட வெச்சி நீங்க சமைக்கிறதைப் பார்த்துக்கொண்டிருங்க எண்டு சொல்லுறதாகா, எனக்கென்ன மரியாதை தெரியாதா” என்று அவர் கோபித்துக்கொண்டார். அன்று ஓடர் ஒன்றும் இல்லை. ஒரு பெண் மட்டும் தங்கேஸ்வரியின் மண்சட்டி எங்கே வாங்கியது என்று கேட்டுவிட்டுப் போனார். இந்த ஊரில் இந்த வியாபாரம் சரிவராது என்று நான் அன்றே சொன்னேன். நான் எதற்கும் அப்படித்தான் சொல்வேன் என்பது உனக்குத் தெரியும்.

இரண்டாவது வீட்டில் தேத்தண்ணியோடு நிப்பாட்டவேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். அங்கே என்ன நடந்ததென்றால், வந்தவர்களோடு கதைத்த கதையில் அம்மா சோற்றை மறந்துவிட்டார், அடிப்பிடித்து வீடு முழுக்கத் தீய்ந்த மணம். “அடிப்பிடியாத சட்டியெண்டு சொன்னீங்க அக்கா, உங்கட சட்டிக்கு அது தெரியாது போல” என்று ஒருத்தி தொடங்க மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டோவைக் கூப்பிடலாமா என்றுகூட நான் யோசித்தேன். அம்மா சட்டியை மறைக்கவில்லை. நடுவில் கொண்டுவந்து வைத்து, “ஓம்கா, பிடிச்சிட்டு. உங்கட வீட்டில எண்டா இப்ப என்ன செய்வீங்க, சொல்லுங்க பாப்பம்” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் மகள். அவ்வளவு நேரமும் தாவணித் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்த பெண்கூட வாய் திறந்தாள். கிளறாமல் மேற்சோற்றை மட்டும் வேறு சட்டிக்கு மாற்று என்றாள் ஒருத்தி, பேக்கரிப் பாண் துண்டு ஒன்றை மேலே வைத்து மூடு என்றாள் இன்னொருத்தி, பாணெல்லாம் பொய், வெங்காயம்தான் என்று மூன்றாவது ஆள் சண்டைக்கு வந்தார். அம்மா சோற்றைப் பிரித்து ஒன்றுக்குப் பாண், ஒன்றுக்கு வெங்காயம் வைத்து மூடி, பிறகு எல்லாரையும் மணம் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பாண் வென்றது. வென்றவளை மற்றவர்கள் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அன்று சட்டி விலைப்பட்டது, அதைவிட, மறுகா எப்ப வாறீங்க என்று வாசல்வரை வந்து கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா படிப்பிக்கிறதை விட்டுவிட்டார், கேட்கிறது மட்டும்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைப்பார், பாலைத் திரைய விடுவார், பருப்பைக் கல்லுப் போல எடுத்துவருவார், எப்படிச் சரிப்படுத்துவது என்று கேட்பார். வந்தவர்கள் தங்கள் தங்கள் கைப்பக்குவத்தைச் சொல்லவேண்டும், சொன்னதை அந்த இடத்திலேயே செய்து பார்க்கவேண்டும். பலிக்காவிட்டால் சொன்னவர் இடியப்பத் தட்டைத் தொப்பி மாதிரித் தலையில் கவிழ்த்துக்கொண்டு அடுத்த ஆள் தோற்கும்வரை இருக்கவேண்டும். இந்தத் தட்டு ஸுஹைனாவின் யோசனை. தீர்ப்புச் சொல்வது நான். மருந்து அளந்த கை பொய் சொல்லாது என்று என்னை ஒரு கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, கரண்டி கரண்டியாகத் தருவார்கள். வாழ்க்கையில் நான் ஒரு முடிவைச் சொல்ல எல்லாரும் காத்திருந்தது இந்தக் கூட்டங்களில்தான் என்று நினைக்கிறேன்.

இனி நீ பார்த்த வீடியோ. அன்று ஆணத்தில் உப்புக் கூடினால் என்ன செய்வது என்பது கேள்வி. உருளைக்கிழங்குத் துண்டு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்று சொன்னது வேறு யாருமில்லை, அம்மாதான். இரண்டு கிண்ணமும் என்னிடம் வந்தன. நான் ருசி பார்த்தேன், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், ஆனால் அது சரியான அளவு இல்லையே. உப்புக் குறையவில்லை என்றேன். வீடே அதிரச் சிரித்தார்கள். “ஐயாக்கு இண்டைக்கு இராச்சாப்பாடு இல்லை” என்று ஸுஹைனா சொன்னார். அம்மா தட்டைத் தானே வாங்கித் தலையில் வைத்து, சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். தங்கேஸ்வரியின் மருமகன் அந்தச் சுற்றை மட்டும் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றும் இல்லாமல் பார்த்தால், வயதான ஒரு பெண் தலையில் தட்டோடு சட்டி விற்கிறார் என்றுதான் யாருக்கும் படும். நிதுர்ஷனின் மாமி சிட்னியிலிருந்து அதை உனக்கே அனுப்பியபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது, அதில் உன்னைக் குறை சொல்லவில்லை.

ஆனால் போன ஞாயிறு நீ அம்மாவிடம், “உங்களுக்கு நான் என்ன குறை வெச்சனான், ஊர் சிரிக்கச் சட்டி விக்கிறீங்க” என்றாய். அம்மா, “சரி புள்ள, இனிப் போகயில்ல” என்றார், பிறகு உனக்கு இருமல் மாறிவிட்டதா என்று கேட்டார், போனை வைத்தார். கதிரையைப் போட்டு ஏறி, சட்டிப் பையை அலுமாரிக்கு மேலே தானே வைத்தார், என்னைப் பிடிக்கச் சொல்லவும் இல்லை. ஸுஹைனா போன் எடுத்தால் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். கோபம் இல்லை, அழுகை இல்லை, வேலையெல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் உப்புச் சரியா என்று கேட்பவர், இப்போது கேட்பதில்லை. நேற்று நானாகவே இறாலில் உப்புக் கூட என்று சொல்லிப் பார்த்தேன், உண்மையில் கூட இல்லை. தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். இன்று காலை முகம் கழுவிக்கொண்டு வந்து, என்ன கிழமை என்று கேட்டார். அதைக் கேட்ட பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

வருகிற ஞாயிறு கொக்கட்டிச்சோலையில் பூமணிச் சின்னம்மா வீட்டில் கூட்டம் முன்பே பேசிவைத்தது. சின்னம்மா என்னைக் கூப்பிட்டு, “அத்தான், அக்கா வராட்டி நான் இந்தச் சனத்துக்கு என்னத்தைச் சொல்லுற, ஆளுக்கொரு வித்தையோட வாறாளுகள்” என்று சத்தம் போட்டார். இந்த ஞாயிறு போகாவிட்டால் அம்மா இனி ஒருநாளும் போகமாட்டார், ஸுஹைனாவும் வேறு ஆளைப் பார்க்கத்தான் வேண்டும். அம்மாவுக்குப் பதிலாக நானே மண்முனைப் பாலம் தாண்டிப் போவோமா என்றும் யோசித்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன். சட்டியை நன்றாகக் குலுக்கிப் பாவிக்கவும் என்று வாயில் வந்துவிட்டது, அதோடு விட்டுவிட்டேன்.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். இப்படி உன்னிடம் கேட்கலாமா, இது உன்னைக் கண்டிப்பது போல் ஆகிவிடுமா என்று எனக்குத் தெளிவில்லை, பிழையென்றால் பொறுத்துக்கொள். நீ மன்னிப்புக் கேட்கவேண்டாம், கேட்டால் அதுக்கென்ன புள்ள என்று சொல்லிவிட்டுப் பையை அங்கேயே விட்டுவிடுவார். போங்கள் என்றும் சொல்லவேண்டாம், நீ அனுமதி கொடுக்கிற மாதிரி ஆகிவிடும், அவருக்கு அது இன்னும் நோகும். இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சே விடவேண்டாம். சனிக்கிழமைக்குள் ஒரு நேரம் அம்மாவை வீடியோவில் கூப்பிடு. சும்மா கதைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போ. போன மாதம் நீ கதைத்தபோது உன் பின்னால் சிங்கில் ஓர் எவர்சில்வர் தாச்சி ஊறிக்கொண்டிருந்தது, முட்டைப் பொரியல் முழுக்க அடியில் ஒட்டிக் கிடந்தது, நான் பார்த்தேன், சொல்லவில்லை. அந்தத் தாச்சியை அம்மாவுக்குக் காட்டி, முட்டை ஏன் இப்படி ஒட்டுகிறது என்று கேள். அதை மட்டும் கேள். வாயால் சொல்லி விளக்குகிற ஆள் அவர் இல்லை, செய்துதான் காட்டுவார். அதற்கு அவருக்குத் தன் தாச்சி வேண்டும், தாச்சி பையில் இருக்கிறது, பை அலுமாரிக்கு மேலே இருக்கிறது. கதிரையை இன்று காலை அலுமாரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டேன், ஏன் இது இங்கே என்று அவர் இன்னும் கேட்கவில்லை. முட்டை ஒட்டாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பது எனக்கும் தெரியும், எத்தனையோ வீட்டில் பக்கத்தில் இருந்து பார்த்தவன்தான். ஆனால் இதில் எழுதமாட்டேன், நீ கெஞ்சினாலும் சொல்லமாட்டேன்.

கேற் சத்தம் கேட்கிறது, இந்த முறை ஆடு இல்லை, அம்மாவின் செருப்புச் சத்தம்தான். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுங்காலம் நன்றாக வாழ எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. வீட்டில் முட்டை இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் இன்றைக்கே வாங்கி வை.

உன் அன்பு அப்பா,
க. அழகரத்தினம்