தனி ஆணி

1943 மே 9, சிடாம் கிரி தோட்டம்
பினாங்கு ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை செய்து, என் இடப்பக்க விலா எலும்புகளை அகற்றி, நோயுற்ற நுரையீரலை அமுக்கி ஆறவிட்டு ஆறாண்டுகள் நிறைவுற்றன. தோள் சரிந்துவிட்டது, மேடேறினால் மூச்சு முட்டுகிறது. ஆயினும் காசநோய் என்னிடம் இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எவரும் இதை நம்பியதில்லை. இன்றுதான் நாத்தனார் இராசாத்தி, வாசலோரத் தனி ஆணியில் தொங்கிய என் தகரக் குவளையைக் கழற்றி, அடுப்படியில் மற்றக் குவளைகளோடு கவிழ்த்தாள்.
"துரு ஏறுது அண்ணி, உள்ளயே கெடக்கட்டும்லா."
வேறு காரணம் சொல்ல அவளுக்குக் கூச்சம். கேட்க எனக்கும்.

மே 17
மரவள்ளி நட்டேன். வரிசைக்கு வரிசை உட்கார வேண்டியிருந்தது.

மே 22
சயாம் ரயில் பாதை வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆண் என்று ஜப்பான்காரன் உத்தரவு. என் கணவர் அய்யாவுவையும் குறித்துவிட்டார்கள். முன்னம் சென்றவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.
கங்காணி பரஞ்சோதி வேலியருகே வந்து நின்றார். "ஜப்பான்காரன் சயரோகத்துக்கு மட்டுந்தான் பயப்படுவான் தங்கச்சி. அந்த வீட்டு ஆள லாரில ஏத்தமாட்டான். ஒன் கொவள எங்க?"
"எனக்கு நோவு இல்லண்ணே."
"எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியணுமா?"

மே 23
குணமானவள் என்று தலைநிமிர்ந்து வாழ்ந்த நானா இதைச் செய்வது?
"வேணாம் புள்ள, போயிட்டு வந்துர்றேன்" என்கிறார் அவர். வந்துருவாராம்! யாரு வந்தா? போனவன்ல யாரு வந்தா —

மே 24
ரவிக்கையை விலக்கி, முதுகில் குழிந்த வடுவைக் காட்டினேன். இருமினேன். ஆறாண்டுகள் மறந்திருந்த இருமல், கூப்பிட்டதும் வந்தது. ஜப்பான் அதிகாரி, நான் மறுபடி மாட்டியிருந்த, ஆணியில் ஆடிய குவளையைப் பார்த்தான்; மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். கதவில் சுண்ணாம்புக் குறி இட்டார்கள். அவரை ஏற்றாமலே லாரி போயிற்று. அடுத்த வீட்டு அம்மாசி அதில் இருந்தார்.

ஜூன் 13
தண்ணீர்க் குழாயடியில் அம்மாசியின் மனைவி தன் வாளியைத் தள்ளி வைத்தாள். "சயம் திரும்பிருச்சாம்ல?" என்று மற்றவளிடம் கேட்டாள். நான் என் வாளியை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தேன்.

ஆகஸ்ட் 8
இராசாத்தி குவளையைக் கழற்றக் கை நீட்டினாள். "போதும்லா அண்ணி. அதான் ஆள் புடிக்கிறவனுங்க போயிட்டானுங்களே."
"திரும்ப வருவானுங்க. வைய்யி."
கஞ்சியை வாசலில் அமர்ந்து குடித்தேன். கழுவி, நானே ஆணியில் மாட்டினேன். உள்ளே அடுப்படியில், உப்புப் போதவில்லை என்று அவர் தங்கையோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தார்.