ஒற்றைக்கண் கரடியும் வால்வுச் சாவியும்

முருகன் துணை

மண்ணரை
21.5.1993

அன்பு மகன் வேலுமணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பா கொஞ்சம் கூடுதல் சௌக்கியம், காரணத்தைக் கீழே எழுதுகிறேன். லூதியானாவில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாயா, நிட்டிங் மிஷின் எண்ணெய்க் கையோடு சாப்பிட உட்காராதே, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி கண்ணு. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. இந்த வெயிலில் எதற்கென்று பெட்டியில் வைத்தேன், ஆனால் உங்கப்பா ஜெயித்த அன்று போட்டோவுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு நின்றார். வியர்த்து வழிந்ததில், போட்டோவைப் பார்த்தால் தோற்றவர் மாதிரிதான் இருக்கிறார்.

ஆமாம், வீதிச் சங்கத்துக்கு மறுபடியும் உங்கப்பாதான் தலைவர். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் எப்படித் தலைவரானார் என்று நீயே பார்த்தவன். அப்போது நாச்சிமுத்து அண்ணன் தலைவர். உங்கப்பா காலிக் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மேல் வீதிக்கு எத்தனை மணி நேரம் தண்ணீரோ கீழ் வீதிக்கும் அத்தனை மணி நேரம் என்று வீடு வீடாய்ப் போய்ச் சொன்னார். கீழ் வீதியே அவர் பின்னால் வந்தது. ஜெயித்ததும் வால்வைத் திருப்புகிற அந்த இடுப்புயர இரும்புச் சாவி நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றது. நாமோ மேல் வீதி. சாவி வந்த மறுநாளே, மேல் வீதி நிறைந்தபிறகுதான் கீழ் வீதி என்று ஆகிவிட்டது. எட்டு நாளைக்கு ஒருமுறை நாலு மணி நேரம் வருகிற தண்ணீரில் மேல் வீதி என்றைக்கு நிறைந்தது, ஆளாளுக்கு டிரம் வாங்கிவிட்டார்கள். கீழ் வீதிக்கு மிஞ்சுவது பைப்பில் வருகிற காற்றுதான். அவர்கள் கிணற்றிலோ சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கிவிட்டது, எட்டிப் பார்த்தாலே இந்த வாரம் எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

இப்படி இருந்தும் ஆறு வருடம் எப்படித் தாக்குப் பிடித்தார் என்று கேட்பாய். சத்தம் போடுகிறவரை உங்கப்பா திட்டுவதில்லை, வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்து ஒரு பதவியும் கொடுத்து அனுப்புவார். காபி போட்டது நான். இன்றைய தேதிக்கு நம் சங்கத்தில் ஏழு துணைத் தலைவர்கள், நாச்சிமுத்து அண்ணன் அதில் முதலாவது. கீழ் வீதி கியாசுதீன் அண்ணன் ஒருத்தர்தான் காபியை மட்டும் குடித்துவிட்டு, பதவி வேண்டாமுங்க, தண்ணி விட்டாப் போதுமுங்க என்று எழுந்து போனார். அதனால் இந்த முறை எதிர்த்து நின்றவரும் அவர்தான்.

தேர்தல் ரேஷன் கடை முன்னால், கை தூக்கித்தான் ஓட்டு. தன் ஆட்கள் தனியாகத் தெரிய வேண்டும் என்று உங்கப்பா முதல் நாள் காதர்பேட்டைக்குப் போய், எக்ஸ்போர்ட்டில் தள்ளுபடியான மஞ்சள் டீ சர்ட் இரண்டு மூட்டை எடுத்து வந்தார். நெஞ்சில் கரடிப் படம், ஒரு கண் பிரிண்ட் விழவில்லை. அதே யோசனை கியாசுதீன் அண்ணன் தரப்புக்கும் வந்திருக்கிறது, அதே கடைக்குப் போய், அதே லாட்டில் மீதி இருந்த இரண்டு மூட்டையை அவர்களும் அள்ளி வந்துவிட்டார்கள். இந்த ஊரில் மட்டும்தான் இந்தக் கூத்து நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் மேலும் கீழும் ஒரே மஞ்சள், திரும்பிய பக்கமெல்லாம் ஒற்றைக்கண் கரடி. தலைவர் ஆள் யார், எதிராளி யார் என்று யாருக்கும் தெரியவில்லை. உங்கப்பா பெயரைச் சொல்லி, சாமியப்பனுக்கு ஆதரவாகக் கை தூக்குங்க என்றதும் முன்னால் நின்ற ஏழு துணைத் தலைவர்களும் தூக்கினார்கள். பின்னால் நின்றவர்கள் அக்கம்பக்கம் பார்த்தார்கள், எல்லாச் சட்டையும் ஒன்றாக இருக்கிறது, சரி, ஊரே அவர் பக்கம்போல என்று நினைத்து ஒவ்வொருத்தராகத் தூக்கினார்கள். சாவி வைத்திருக்கிறவரைத் தனியாளாக நின்று பகைத்துக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும். கியாசுதீன் அண்ணனுக்குப் பதினோரு கை. நானும் உங்கப்பாவுக்குத்தான் தூக்கினேன். நான் தூக்கியதைக் கியாசுதீன் அண்ணன் சம்சாரம் பத்ருன்னிசா அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவளும் நானும் பதினான்கு வருடமாகப் பனியன் கம்பெனியில் ஒரே செக்கிங் டேபிள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். மறுநாள் அவள் வேறு டேபிளுக்குப் போய்விட்டாள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போய்க் கேட்டேன். ஓட்டுப் போட்டது தப்பில்லீங்க, புருசனாச்சே, ஊட்டுல மருமக குல்சார் பெத்துப் போட்டு இருவது நாளாச்சு, பிள்ளைத் துணிய அலச நல்ல தண்ணி ஒரு கொடம் இல்லீங்க, அதுக்குமா கட்சி என்றாள். சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் காட்டினாள். வெள்ளைத் துணி கிணற்றுத் தண்ணீரில் ரோஜாக் கலராகிவிட்டிருந்தது. ஓட்டுக்குத் தூக்கிய கையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

உனக்கு ஒரு விஷயம் தெரியும். ஆறு வருடமாகச் சாவி உங்கப்பாவுடையது, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அதைத் திருப்புவது நான். தலைவருக்கு ஏழு மணிக்குத்தான் விடியும். அடுத்த தண்ணீர் முறை வந்த அன்று, நான் போய்க் கீழ் வீதி வால்வை முதலில் திறந்துவிட்டேன், கடிகாரம் பார்த்து இரண்டு மணி நேரம், அதற்குப்பிறகுதான் மேல் வீதி. அதற்குள் ஏழு துணைத் தலைவர்களும் காலி டிரம்மோடு நம் வாசலில். உங்கப்பா கரடிச் சட்டையோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனார், அதற்குள் கீழ் வீதி சனம் மாலையோடு வந்துவிட்டது. முன்னால் கியாசுதீன் அண்ணன். உங்களத் தப்பா நெனச்சுப்போட்டனுங்க, சொன்ன சொல்லக் காப்பாத்திப்போட்டீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டார். உங்கப்பா மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மாலையைப் பார்த்தார். பிறகு கழுத்தை நீட்டிவிட்டு, இது ரொம்ப நாளா என்ர மனசுல இருந்த திட்டமுங்க, கமிட்டியில கூடிப் பேசித்தான் முடிவு பண்ணினமுங்க என்றார். ஏழு பேரும் தலையை ஆட்டினார்கள்.

என்னிடம் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த முறை ஐந்து மணிக்கு அவரே எழுந்துபோய், கீழ் வீதி சனம் சுற்றி நின்று பார்க்க, தானே வால்வைத் திருப்பினார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நான் ஏழு மணிவரை தூங்கியது அன்றைக்குத்தான். பத்ருன்னிசா பழையபடி என் டேபிளுக்கு வந்துவிட்டாள். வந்ததும் வெள்ளையாக அலசிய ஒரு பிள்ளைத் துணியை என் மடியில் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உனக்கு முருகன் நீண்ட ஆயுளையும் நல்ல பெயரையும் கொடுக்கட்டும். அங்கே உங்கள் கம்பெனியில் யாராவது கூப்பிட்டுக் காபி கொடுத்துப் பதவியும் கொடுத்தால், காபியோடு எழுந்து வந்துவிடு. அப்பாவுக்கு வாழ்த்துக் கடிதம் ஒன்று தனியாக எழுது, தண்ணீரைச் சரிபாதியாகப் பிரித்த தலைவர் என்று மறக்காமல் போடு, அதைப் பத்துப் பேருக்குப் படித்துக் காட்டுவார், அப்புறம் அவரே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. இந்தக் கடிதத்தைப் பற்றி அதில் எழுதாதே, இதைத் தபாலில் போடுவது பத்ருன்னிசா. இன்னொன்று, லேத் பட்டறையில் சொல்லி அந்தச் சாவி மாதிரியே இன்னொன்று செய்தாயிற்று. அது இப்போது அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. உங்கப்பாவுக்குத் தெரியாது, அவர் ஒழுங்காக இருக்கிறவரை தெரியவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தலைவருக்குக் காபி போடும்
உன் அம்மா சுப்பாத்தாள்