உடனே பதில் சொல்லாத ரத்தம்

மங்கை,

மறுபடி ரத்தம் எடுக்க டாக்டர் சொன்னது ஆறு மணி நேரமா எட்டா, சரியாக நினைவில்லை. நீ மீன் ஏலத்துக்குப் போன பிறகு நெஞ்சு வலித்தது, ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் ரத்தத்தில் ஒன்றுமில்லை. இதயம் அடிபட்டிருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறுமாம். மறுபடி ரத்தம் எடுக்கும்வரை படுத்திருக்கச் சொன்னார்கள். இன்று நம் தெருவுக்கு லாரித் தண்ணீர். யாரிடமும் சொல்லாமல் வந்து எட்டுக் குடம் பிடித்துவிட்டேன்.

நேற்றுச் சண்டையில், “செவுத்தோட குடித்தனம் பண்ணிகினு கீறேன்” என்றாய். என் ரத்தமும் என்னைப் போலத்தான், கேட்டவுடன் பதில் சொல்லாது.

குழம்பு அடுப்பின் மேல். குடங்கள் நிறைந்திருக்கின்றன. மலர் பள்ளியில் இருக்கிறாள். நான் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போகிறேன்.

கோதண்டம்

பி.கு.: எட்டாவது குடத்தைத் தூக்கும்போது மறுபடி வலித்தது. இதையாவது உடனே சொல்லிவிடுகிறேன். நீயும் வா.